இலங்கையின் அரச காடுகளும் வனத்தங்கலும் – ஒரு நோக்கு

தமிழ் மரபிலே காடு பற்றிய எண்ணம் ஒரே தன்மையானதன்று. ‘வனவாசம்’ என்பது தண்டனையின் பெயராகவே நம்மிடையே வழங்குகிறது. இராமனும் பாண்டவரும் அரசிழந்து புகுந்த இடம் காடு. முதுமையின் தளர்ச்சியைக் கூறவருவோர், வீடு போ என்கிறது, காடு வா என்கிறது என்பர். மறுபுறத்தில், ஐந்திணைப் பாகுபாட்டிலே முல்லை நிலம் மனித வாழ்வு நிகழும் களமாகும். ஆயரும் ஆநிரையும் தலைவன் வரவை நோக்கியிருக்கும் தலைவியும் அங்குளர். காட்டைத் திருத்தி, முள்வேலியிட்டு அமைத்த அரசனது பாசறை முல்லைப்பாட்டிலே விரிவாகப் பேசப்படுகிறது. பொழில் விளையாட்டும் புனல் விளையாட்டும் நம் இலக்கியத்தில் உண்டெனினும், அவை பெரும்பாலும் ஊரை அடுத்த சோலையிலும் துறையிலும் நிகழ்வன. ஓய்வுக்காக நெடுந்தொலைவு சென்று, விலங்கு வாழும் காட்டிடையே கூடாரமடித்து, ஓரிரு இரவு தங்கி மீளும் வழக்கம் அண்மைக் காலத்தது.

இன்று இவ்வழக்கம் இலங்கையில் வேரூன்றிவிட்டது. விடுமுறைக் காலங்களில் ஹோட்டன் சமவெளி, யாலை, வில்பத்து, உடவளவை ஆகிய இடங்களை நாடிச் செல்வோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் அன்றைக்கே மீள்பவர். ஒரு பகுதியினர் வனத்துள்ளே தங்குபவர். இவ்விடங்கள் யாவும் அரச உடைமை. அரசின் உடைமை என்பதனால் அவை பொதுமக்களின் உடைமை என்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். ஆயினும், ‘பொது’ என்னும் இச்சொல் எவரை உள்ளடக்குகிறது, எவரைப் புறத்தே நிறுத்துகிறது என்பது ஆராயத்தக்கது. இலங்கையின் காடுகள் அரசின் கைக்கு வந்த வரலாறு, அவற்றுட் சில பூங்காக்களான முறை, அங்கு தங்குவதற்கான சட்ட ஒழுங்கு, அத்தங்கலின் விளைவுகள் என்பவற்றை விளக்கி, அவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடு அரசின் உடைமையானமை

இலங்கையின் காடுகளிற் பல மனிதர் கால்படாத இயற்கைப் பரப்புகள் என்று கருதுவது பொருந்தாது. வில்பத்தை அடுத்துள்ள பொம்பரிப்பிலே பெருங்கற்பண்பாட்டுக் காலத்து ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 1924, 1956–57, 1970 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற அகழ்வுகள், தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்புநோக்கத்தக்க சான்றுகளைத் தந்தன. யாலையிலும் வில்பத்திலும் பழைய குளங்களின் அணைகளும் விகாரை இடிபாடுகளும் மரங்களிடையே இன்றுங் காணப்படுகின்றன. வரண்ட வலயத்துக் காட்டின் பெரும்பகுதி, நீர்ப்பாசன நாகரிகம் தளர்ந்த பின்னர் ஊர்களின் மீதும் வயல்களின் மீதும் வளர்ந்தெழுந்த காடாகும். எனவே ஊரும் காடும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றி மறைந்து வந்தமையே இந்நாட்டின் வரலாறு எனலாம்.

இவ்வுறவைச் சட்டத்தினால் மாற்றியமைத்தோர் பிரித்தானியர் ஆவர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவோ தரிசாகவோ குடியிருப்பின்றியோ பயிரிடப்படாதோ கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று அனுமானஞ் செய்தது. உறுதி எழுதும் வழக்கமில்லாத கிராமத்தவன் தன் உரிமையை எங்ஙனம் நிரூபிப்பான்? சில ஆண்டுகள் பயிரிட்டுப் பின் பல்லாண்டு காடாக விட்டுவைக்கும் சேனை நிலம் ‘பயிரிடப்படாத நிலம்’ ஆயிற்று. இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட மலைநாட்டு நிலங்கள் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் விற்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் உழைத்த மலைச்சரிவுகள் பல, முன்னர் அடர்ந்த காடாக இருந்தவையே.

காட்டை விற்றுத் தீர்த்த ஆட்சியே அதன் அழிவைக் கண்டு அஞ்சவும் நேர்ந்தது. 1873 இல், தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழியாது காக்குமாறு அறிவுறுத்தினார். மலைக்காடு முகிலிலிருந்தும் மழையிலிருந்தும் நீரைப் பெற்று மெல்ல மெல்ல ஆறுகளுக்கு விடுவதாகும். அது அழியின் கீழ்நாட்டு வயல்களும் தோட்டங்களும் கெடும். இவ்வறிவுரையை ஒட்டி உயர்மலைக் காடுகள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. 1885 ஆம் ஆண்டிலும் 1907 ஆம் ஆண்டிலும் காட்டுக் கட்டளைச்சட்டங்கள் இயற்றப்பட்டு, ஒதுக்குக் காடு என்னும் வகை நிலைபெற்றது. அக்காலத்தில் அரசு காட்டைக் காத்தது மரத்துக்காகவும் நீருக்காகவுமேயன்றி, மக்கள் சென்று மகிழ்வதற்காக அன்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

வேட்டைக்களம் பூங்காவானமை

பொழுதுபோக்குக்காகக் காட்டில் தங்கிய முதற் கூட்டத்தார் வேட்டைக்காரர். பிரித்தானிய அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் கூடாரம், சமையற்காரர், சுமைகாவுவோர், தடம் அறிந்த உள்ளூரார் ஆகியோருடன் வாரக்கணக்கிற் காட்டிடையே தங்கினர். பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் றோஜர்ஸ் 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் எனக் கூறப்படுகிறது. சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை 1854 இல் நூலாக வெளியிட்டார். ஹோட்டன் சமவெளியில் அன்று திரிந்த யானைகள் பின்னர் முற்றாக மறைந்தன. இன்று அங்கு காணப்படும் பெருவிலங்கு மரையே.

விலங்குகள் அருகவே, வேட்டைக்காரர் தாமே பாதுகாப்பைக் கோரினர். 1894 இல் அவர்கள் ஒரு வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். யாலைப் பகுதி 1900 இல் ஒதுக்கிடமாயிற்று. அதன் முதற் காவலராக 1908 இல் நியமனம் பெற்ற ஏங்கல்பிறெக்ற், தென்னாபிரிக்கப் போரிலே சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் இனத்தவர் என்பது சுவையான செய்தி.

இதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிலே வேறொரு கருத்து வளர்ந்தது. 1864 இல் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கு, பொதுமக்களின் பயனுக்கும் மகிழ்வுக்குமென கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1872 இல் யெலோஸ்ரோன் தேசிய பூங்காவாயிற்று. நியூயோர்க் மாநிலம் 1885 இல் அடிரொண்டாக் மலைப்பகுதியிலும் கற்ஸ்கில் மலைப்பகுதியிலும் தனக்குரிய காடுகளை ஒதுக்கி, அவை என்றும் வனமாகவே நிலைக்க வேண்டுமென்பதை 1894 இல் தன் அரசியலமைப்பிலும் எழுதியது. காட்டை விற்கவோ வெட்டவோ கூடாது, ஆனால் எவரும் சென்று உலவலாம், தங்கலாம் என்னும் கொள்கை இவ்வாறு உருவாயிற்று.

வேட்டைக்களம் என்ற மரபும் பொதுப்பூங்கா என்ற கருத்தும் இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்திலே சந்தித்தன. அச்சட்டத்தின் கீழ் 1938 இல் யாலையும் வில்பத்தும் தேசிய பூங்காக்களாயின. 1949 இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் தோன்றியது. துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பிடித்தது. ஆயினும், ஆற்றங்கரைக் கூடாரம், காட்டு விடுதி, தடம் அறிந்த வழிகாட்டி, விலங்கைத் தேடிச் செல்லும் காலை மாலைச் சுற்று என்பன வேட்டை முகாமிலிருந்தே வந்தன. பெரிய விலங்கை நெருங்கிக் காணாவிடின் பயணம் வீண் என்று இன்றைய பயணிகள் பலர் எண்ணுவதும் அம்மரபின் எச்சமே எனலாம்.

சட்டத்தின் வகைப்பாடு

அரசுக்குரிய காடுகள் யாவும் ஒரே ஒழுங்குக்கு உட்பட்டவையல்ல. அவற்றுள் ஒரு பகுதி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினாலும் மற்றொரு பகுதி வனப் பாதுகாப்புத் திணைக்களத்தினாலும் ஆளப்படுகின்றன. இவ்வேறுபாட்டை அறியாமையாற் பலர் இடர்ப்படுகின்றனர்.

வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலங்களுள் மிக இறுக்கமானது கண்டிப்பான இயற்கை ஒதுக்கு ஆகும். ஹக்கல, ரிட்டிகல, யாலையின் ஒரு பகுதி என்பன இவ்வகையின. ஆய்வும் காவலும் தவிர வேறெதற்கும் அங்கு இடமில்லை. தேசிய பூங்காவினுள்ளே அனுமதிப்பத்திரத்துடன் எவரும் செல்லலாம்; ஆயின் அங்குள்ள விலங்குகளையும் தாவரங்களையும் காண்பதும் கற்பதுமே சட்டம் ஏற்கும் நோக்கம். குறித்த இடங்களில், முன்கூட்டிப் பதிவு செய்து, கட்டணஞ் செலுத்தி, திணைக்களத்தின் ஒழுங்குக்குட்பட்டுக் கூடாரமடித்துத் தங்கலாம். இயற்கை ஒதுக்கிலே மரபுவழித் தொழில்கள் சில கட்டுப்பாட்டுடன் தொடரலாம். சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணியும் ஊர்களும் இருத்தல் கூடும். ஒரே இடம் காலத்துக்குக் காலம் வகை மாறுவதும் உண்டு. ஹோட்டன் சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்காகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் ஆயிற்று. 1938 முதற் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. நெடுந்தீவின் ஒரு பகுதியும் அவ்வாண்டில் அவ்வாறே பிரகடனம் பெற்றது.

வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலங்கள் ஒதுக்குக் காடு, பேணற்காடு, கிராமக் காடு எனப் பலவகைப்படும். 1988 இல் இயற்றப்பட்ட தனிச்சட்டமொன்றின் கீழ்ச் சிங்கராசவனம் தேசிய மரபுரிமை வனாந்தரமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. நக்கிள்ஸ் மலைத்தொடர், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம் ஆகிய மூன்றும் 2010 இல் ஒருசேர அப்பட்டியலிற் சேர்ந்தன. இத்திணைக்களத்தின் காடுகளிலும் சில இடங்களில் அனுமதியுடன் நடைப்பாதைகளும் தங்கலும் உண்டு. அனுமதியின்றி ஒதுக்குக் காட்டிற் புகுதல், தீ மூட்டுதல், மரந்தறித்தல் என்பன குற்றங்களாகும்.

இவையனைத்துக்கும் அடிப்படை அனுமதி என்னும் கோட்பாடு. இதற்கு மாறான கோட்பாடு சுவீடனில் உள்ளது. அங்கு வீடுகளுக்கும் பயிர்நிலத்துக்கும் ஊறு செய்யாது எவரும் எந்தக் காட்டிலும் நடக்கவும், ஓரிரவு கூடாரமடிக்கவும் மரபுரிமை உண்டு; 1994 இல் அவ்வுரிமை அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் இலங்கைக் காட்டுக்கு அவ்விதியை அவ்வாறே பெயர்த்தல் இயலாது. எனினும், உரிமை என்று கருதும் சமுதாயத்தில் அதற்கேற்ற ஒழுக்கமும் பிள்ளைப் பருவத்திலேயே ஊட்டப்படுகிறது என்பதை மறத்தலாகாது. அனுமதியை மட்டும் அறிந்த சமுதாயத்திலோ, காவலர் காணாத இடத்தில் ஒழுக்கமும் இல்லாதொழியும்.

ஓர் இரவின் விளைவு

ஒரு குடும்பம் ஓர் இரவு கூடாரமடித்துத் தங்குவதாற் காட்டுக்கு என்ன நேர்ந்துவிடும் எனப் பலர் வினவுவர். இவ்வினாவுக்குச் சூழலியலார் அளிக்கும் விடை சிந்தனைக்குரியது. புதியதோர் இடத்திலே முதன்முறை தங்கும் சிலராலேயே சேதத்தின் பெரும்பகுதி நேர்ந்துவிடுகிறது. நிலத்தை மூடிய செடிகள் மிதிபட்டு மடிகின்றன. மண் இறுகி நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. அதன்பின் அதேயிடத்தில் மேலும் பலர் தங்கினும் கூடுதலாக நேரும் கேடு ஒப்பீட்டளவிற் சிறிது. ஆனால் சேதமுற்ற இடம் பழைய நிலைக்கு மீள நெடுங்காலம் செல்லும். எனவே நூறு பேர் நூறு இடங்களில் தங்குவதைவிட, அவர்கள் முறைவைத்து ஒரு சில இடங்களிலே தங்குவதே காட்டுக்கு நன்று. குறித்த இடத்திலன்றிக் கூடாரமடிக்கலாகாது என்னும் விதியின் பொருள் இதுவேயாகும்.

வரண்ட வலயத்தில் நீர் மற்றொரு பிரச்சினை. வில்பத்தின் ‘வில்லு’க்கள் மழைநீரால் நிறையும் இயற்கைத் தாழ்நிலங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அவையும் ஆற்று மடுக்களும் வற்றிச் சுருங்க, எஞ்சிய நீரை நாடி மானும் மரையும் யானையும் கரடியும் ஒரேயிடத்துக்கு வருகின்றன. நிழலும் நீரும் உள்ள அவ்விடமே மனிதனுக்கும் விருப்பமானது. கரையிற் கூடாரமிட்டு விளக்கேற்றி இசைத்தட்டு ஒலிக்கச் செய்யின், விலங்கு தாகத்துடனேயே மீளும். யாலையின் முதலாம் வட்டாரம் செப்ரெம்பரை ஒட்டிய வரட்சிக் காலத்திற் சில வாரங்கள் மூடப்பட்டுவந்தமைக்கு இதுவே காரணம்.

தீயும் அத்தகையதே. வரண்ட காட்டிலும் மலைநாட்டுப் பத்தனைப் புல்வெளியிலும் பற்றும் தீயிற் பெரும்பகுதி மனிதனாலேயே மூட்டப்படுகிறது. அணைந்ததுபோற் தோன்றும் தணலை இரவுக் காற்று மீள உயிர்ப்பிக்கும். விறகுக்காகப் பொறுக்கும் பட்டமரமும் வீணான பொருளன்று. பூச்சிகளுக்கும் காளான்களுக்கும் பல்லியினங்களுக்கும் அதுவே வீடு.

உணவும் கழிவும் விலங்கின் இயல்பையே மாற்றுகின்றன. உடவளவையின் மின்வேலியோரத்திலும் புத்தல–கதிர்காமம் வீதியிலும் பயணிகள் வழங்கும் பழங்களுக்குப் பழகிய யானைகள் வாகனங்களை எதிர்பார்த்து நிற்கின்றன. இரக்கத்தினாற் செய்த செயல் முடிவில் யானைக்கும் மனிதனுக்கும் கேடாகிறது. ஹோட்டன் சமவெளியில் மரைகள் உணவு மணம் படிந்த பொலித்தீனையும் விழுங்குவதனால், வாயிலிலேயே பயணிகளின் பைகள் சோதிக்கப்பட்டுப் பொலித்தீன் அகற்றப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலுள்ள அச்சமவெளியில் மண் நலிந்தது, குளிர் மிக்கது, செடியின் வளர்ச்சி மெதுவானது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலைநீர்கள் பிறப்பதும் அங்கேயே. ஆகவே அங்கு ஒருவர் எறியும் கழிவு அவ்விடத்தோடு முடிவதன்று.

ஆளில்லாத காடு

இதுவரை கூறியவை காட்டுக்குச் சென்று மீள்வோர் பற்றியவை. அங்கேயே வாழ்ந்தோர் பற்றிய செய்தி வேறானது. பூங்கா என்னும் கருத்து பிறந்த நாட்டிலேயே இம்முரண்பாடு தொடங்கிற்று. யோசெமிற்றிப் பள்ளத்தாக்கின் பழங்குடியினரை 1851 இல் ஆயுதந் தாங்கிய படையினர் தாக்கி வெளியேற்றினர். 13 ஆண்டுகளின் பின்னரே அது மக்களின் மகிழ்வுக்குரிய இடமாக அறிவிக்கப்பட்டது. ஆளில்லாத இயற்கை என்பது சிலவிடங்களில் ஆக்கப்பட்டதொன்றேயன்றி, இயல்பாய் அமைந்ததன்று.

இலங்கையில் இதற்குத் தெளிவான சான்று மாதுறு ஓயா ஆகும். மகாவலி விரைவு அபிவிருத்தித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளைக் காக்கும் பொருட்டு 1983 இல் அது தேசிய பூங்காவாயிற்று. வேட்டுவக் குடிகள் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த காடு அது. குடும்பங்கள் பல ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. தம்பானைத் தலைவர் திசாஹாமியும் அவருடன் நின்ற சிலரும் பெயர மறுத்தனர். தம் முன்னோரின் காட்டில் தேனெடுப்பது குற்றமாகவும், நகரத்தார் கட்டணஞ் செலுத்தி அதே காட்டில் உலாவுவது உரிமையாகவும் அமைந்த நிலையை அவர்களுக்கு எவ்வாறு விளக்குவது?

வட இலங்கையிற் போர் இச்சிக்கலுக்கு வேறோர் உருவத்தைக் கொடுத்தது. வில்பத்து 1980களின் நடுப்பகுதி முதல் தாக்குதல்களுக்கு உள்ளாகி, 1988 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. 2006 மே மாதத்தில் அங்கு வெடித்த கண்ணிவெடிக்கு எழுவர் பலியாயினர். அவர்களுள் ஒருவர், வில்பத்துக் காட்டினூடான பயணத்தைப் பொருளாகக் கொண்ட ஆங்கில நாவலுக்காகப் பரிசுபெற்ற நிஹால் டி சில்வா. மீண்டும் மூடப்பட்ட பூங்கா 2010 இலேயே திறக்கப்பட்டது. இதற்கிடையில், 1990 ஒக்ரோபரிலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம் மக்களின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்களைக் காடு மூடிவிட்டது. 2009 இன் பின் அவர்கள் மீண்டபோது, பழைய ஊரிருந்த பகுதிகள் சில வர்த்தமானியிலே காடாகப் பிரகடனம் பெறலாயின. குடியேற்றத்துக்கெனக் காடு வெட்டப்பட்டமை நாடளாவிய சர்ச்சையாகி நீதிமன்றஞ் சென்றது. வில்பத்தை அடுத்த கல்லாறுக் காட்டில் நிகழ்ந்த காடழிப்புச் சட்டவிரோதமானதென 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்து, மீள்நடுகைக்கும் கட்டளையிட்டது.

இவ்விடயத்திற் காட்டின் பக்கமும் நியாயமுண்டு. ஊரின் பக்கமும் நியாயமுண்டு. சட்டப்படி ஒதுக்கப்பட்ட காட்டை எவர் வெட்டினும் அது குற்றமே. ஆனால் இருபதாண்டு அகதியாக வாழ்ந்தவன் மீளும்போது, அவன் இல்லாத காலத்தில் வளர்ந்த மரங்களே அவனுக்கெதிரான சாட்சிகளாக நிற்குமாயின், 1840 ஆம் ஆண்டின் அனுமானம் புதிய வடிவில் மீண்டும் உயிர்பெற்றதாகவே அவனுக்குத் தோன்றும். மக்களின் மனத்தில் இத்தகைய கசப்பிருக்கும்வரை எந்த வேலியும் எந்தக் காவலும் காட்டைக் காக்கப் போதா.

யாத்திரிகர் காட்டும் வழி

கூடாரமடித்துத் தங்கும் பொழுதுபோக்கு வேட்டை முகாமின் வழிவந்தது எனக் கண்டோம். காட்டிடையே தங்கிச் செல்லும் பிறிதொரு வழக்கமும் இந்நாட்டில் உண்டு. அது கதிர்காமப் பாதயாத்திரை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாக வரும் அடியார்கள், உகந்தை முருகன் ஆலயத்தில் ஒன்றுகூடி, கூமுனைப் பூங்காவினூடாகக் குமுக்கனாற்றைக் கடந்து, யாலைக் காட்டு வழியே மாணிக்க கங்கையை அடைவர். பல நாள் நடைப்பயணம் அது. ஆடித் திருவிழாக் காலத்தில் அவ்வழியைச் சில நாட்களுக்குத் திறந்துவிடுதல் திணைக்களத்தின் வழமை. கிழக்கு யாலை என முன்னர் வழங்கிய கூமுனை, போர்க்காலத்தில் நெடுநாள் மூடியிருந்தது. யாத்திரையும் பலமுறை தடைப்பட்டது.

இவ்யாத்திரையின் மரபு வேட்டை முகாமின் மரபுக்கு முற்றிலும் வேறானது. யாத்திரிகன் விலங்கைத் தேடிச் செல்வதில்லை. அது வழிவிட வேண்டுமென்றே வேண்டுகிறான். காடு முருகனும் வள்ளியும் உலாவிய இடம் என்பது அவன் நம்பிக்கை. ஆகையால் அங்கு அவன் உடைமையாளனல்லன், விருந்தினன். தோளிற் சுமக்கக்கூடிய அளவே அவன் பொருள். குறித்த தங்குமிடங்களிலேயே கூட்டமாகத் தங்குதல், இரவில் வழிநடவாமை, புலாலுணவு தவிர்த்தல், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் அளவோடு எடுத்தல் என்பன எழுதப்படாத விதிகளாக நிலவின. சூழலியலார் இன்று கூறும் விதிகளுட் பல இவற்றோடு ஒத்துள்ளமை வியப்புக்குரியது.

ஆயின் இம்மரபைப் புகழ்ந்து அமைதல் போதாது. போர் முடிந்தபின் யாத்திரிகரின் தொகை பல்லாயிரமாகப் பெருகியுள்ளது. நீர் கொள்கலன் வண்டிகளிற் கொண்டுவரப்படுகிறது. அன்னதானத்தோடு பிளாத்திக்குப் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் காட்டுட் புகுந்துள்ளன. தொண்டர்கள் அவற்றைப் பொறுக்கியெடுத்தும் முற்றாகத் தீர்வதில்லை. சிலருக்கு அமைந்த ஒழுக்கம் பெருந்தொகையினருக்குத் தானாக அமைவதில்லை என்பதற்கு இது சான்று. பக்தியும் விடுமுறை மகிழ்வும் காட்டின் தாங்குதிறனுக்கு அடங்கியே ஆகவேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து ஒருண்மை புலப்படும். அரசின் உடைமை என்னும் ஒன்றினாலேயே காடு பொதுவாகிவிடுவதில்லை. 1840 இல் அது அரசுடைமையானபோது கிராமத்தவன் புறத்தானானான். 1900 இல் வேட்டைக்காரருக்கு ஒதுக்கிடமாயிற்று. 1938 இற் பூங்காவானபோதும் அங்கு தங்கும் வசதி வாகனமும் பணமும் உடையோருக்கே பெரிதும் எட்டியது. வாகனக் கூலியும் கட்டணமும் சேர, தோட்டப்புறத்துப் பிள்ளையும் எல்லைக்கிராமத்துப் பிள்ளையும் தம் கண்ணெதிரேயுள்ள பூங்காவைக் காணாமலே வளர்வது இன்றும் நிகழ்கிறது. விளைவைக் காக்கப் பரணில் இரவெல்லாம் விழித்திருக்கும் விவசாயிக்கு யானை ஒரு பகை. அவ்யானையையே காணப் பயணி பொருள் செலவிட்டு வருகிறான். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும்வரை காடு இரு பக்கத்தாலும் நலியும்.

ஆகவே மூன்று கருத்துக்கள் இங்கு முன்வைக்கத்தக்கன. முதலாவதாக, வனத்தங்கல் தடுக்கப்பட வேண்டியதன்று, வரையறுக்கப்பட வேண்டியது. தங்குமிடங்கள் சிலவாகவும், ஓரிடத்தில் தங்குவோர் தொகை கட்டுப்பட்டதாகவும், வரட்சிக் காலத்தில் ஓய்வளிக்கப்படுவனவாகவும் அமைதல் வேண்டும். இரண்டாவதாக, அத்தங்கலில் ஒரு பங்கு எல்லைக்கிராமங்களினதும் தோட்டப்புறங்களினதும் பாடசாலை மாணவருக்கெனக் கட்டணமின்றி ஒதுக்கப்படல் வேண்டும். தடம் அறிந்த கிராமத்து முதியோரே அவர்களுக்கு வழிகாட்டிகளாயின், அவ்வறிவும் அழியாது, அவர்களுக்கு வருவாயும் உண்டாகும். மூன்றாவதாக, ஒரு நிலம் காடென்றோ பூங்காவென்றோ பிரகடனஞ் செய்யப்படுமுன், அங்கு வாழ்வோரும் வாழ்ந்து பெயர்ந்தோரும் தத்தம் மொழியில் அதனை அறியவும் தம் நியாயத்தைக் கூறவும் இடமளிக்கப்படல் வேண்டும். எல்லைக்கல் நாட்டியபின் நடைபெறும் விசாரணை விசாரணையாகாது.

இவற்றுள் அரசு செய்யவேண்டியன பல. மக்கள் செய்யவேண்டியது ஒன்றே. காட்டிலே தங்குபவன் தான் வந்து சென்றதற்கான அடையாளம் எதனையும் விட்டுச்செல்லாதிருத்தல் அது. இவ்வொழுக்கம் இளமையிலே பழகவேண்டியதொன்று. பாடநூலினால் மட்டும் வருவதன்று, காட்டிலே ஓரிரவு அமைதியாகத் தங்கி அதன் ஒலிகளைக் கேட்டறிந்த பிள்ளையிடமே அது வேர்கொள்ளும். அத்தகைய பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் எல்லா இனங்களிலும் உருவாகும்போதே, அரசின் காடு உண்மையிற் பொதுமக்களின் காடாகும்.